நீ சொன்னது டர்போ

பாப்பா, இதை நீ மெதுவாகத்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். நகரியில் பிறந்த உன்னைத் தெலுங்குப் பள்ளியில் சேர்த்தவன் நான். தமிழ் எழுத்துகளைத் திருத்தணி பஸ்ஸின் போர்டுகளைப் பார்த்து நீயாகவே கற்றுக்கொண்டாய். தெலுங்கிலேயே எழுதிவிடலாமா என்றும் யோசித்தேன். தெலுங்கில் எனக்கு லோடு சீட்டு எழுத வரும், மார்க்கெட்டில் பேச வரும். இதை எழுத வராது. அதனால் எழுத்துக் கூட்டியாவது கடைசி வரை படித்துவிடு. உன் மெசேஜ் போன வாரம் வந்தது. விசா வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனி போகிறேன், அங்கேயே வேலை, உடம்பைப் பார்த்துக்கொள் என்று நான்கு வரி. போகுமுன் ஊருக்கு வருகிறேன் என்று அதில் இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. எனக்கு அறுபத்து மூன்று வயதாகிறது. சர்க்கரை இடது கண்ணைத் தின்றுகொண்டிருக்கிறது. நீ திரும்பி வரும்போது நான் இருப்பேனா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இருந்தாலும் நீ என்னைப் பார்க்க வருவாயா என்பது எனக்கே நிச்சயமில்லை.

வெளிநாடு போகிற பிள்ளைக்கு அப்பன் புத்தி சொல்லி எழுதுவான். எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பாதி உனக்குத் தெரியும். மீதிப் பாதி இன்றுவரை என்னோடு மட்டும்தான் இருந்தது.

நம் வெள்ளை பிக்கப்பை நானும் என் தம்பி, உன் சின்ன நைனா குமரேசனும் கூட்டாக வாங்கினோம். டர்போ வைத்து வர ஆரம்பித்ததற்கு முந்திய மாடல். நகரியில் விசைத்தறித் துண்டும் லுங்கியும் மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு, புத்தூர், சித்தூர் தாண்டி, பலமனேர் மலையேறி, கோலாருக்கும் பெங்களூருக்கும் போவோம். திரும்பும்போது பலமனேரில் தக்காளி ஏற்றிக்கொண்டு இறங்குவோம். சமதளத்தில் வண்டியைக் குறை சொல்ல முடியாது. மலைப்பாதையில்தான் மானம் போகும். இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறும்போது பின்னால் வருகிறவன் ஒவ்வொருவனும் ஹாரன் அடிப்பான். தாண்டிப் போகையில் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவான். குமரேசன் அவர்களுக்குக் கையாட்டிச் சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வராது. முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன் நான். என்னை ஒருவன் தாண்டிப் போவது எனக்கு ஆகாது.

அந்த வருஷம் நீ ஸ்ரீபெரும்புதூர் கார் கம்பெனியில் இன்ஜின் சோதனைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். விநாயகர் சதுர்த்தி லீவுக்கு வந்தவள், வந்த மறுநாளே சுடிதாரை மாற்றாமல் வண்டிக்கு அடியில் படுத்துவிட்டாய். உன் அம்மா திட்டினாள். பிறகு ஷெட்டின் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் டர்போ ஒன்று, சூப்பர்சார்ஜர் ஒன்று என்று இரண்டு படம் வரைந்தாய். குமரேசன் உன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். நான் நின்றுகொண்டே கேட்டேன். நீ சொன்னது ஒரு வார்த்தை விடாமல் எனக்கு நினைவிருக்கிறது. மறக்க முயன்றவன் நான், அதனால்தான் மறக்கவில்லை போலிருக்கிறது.

"ரெண்டும் ஒரே வேலைதான் நைனா. இன்ஜினுக்குள்ள காத்தை அமுக்கி அனுப்புது. காத்து அதிகம் போனா டீசல் நல்லா எரியும், இழுவை கிடைக்கும். எத்த வச்சி சுத்துதுங்கிறதுலதான் வித்தியாசம். டர்போ, சைலன்சருக்குப் போற புகையோட வேகத்துல சுத்துது. சும்மா வெளிய போறதை எடுத்துக்குது. சூப்பர்சார்ஜர் பெல்ட்டுல சுத்துது. இன்ஜின் கிட்டயே புடுங்கி இன்ஜினுக்கே குடுக்குது."

"அப்போ டர்போவே போட்டுடலாம்ணா. பாப்பா சொல்றது எனுக்கே புரியுது" என்றான் குமரேசன்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. டர்போ வைத்த வண்டிகளை நான் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒரு கணம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு எகிறும். "உன் டர்போ யோசிச்சிக்கினு நிக்கும். மிதிச்சா அப்பவே இழுக்கணும் எனுக்கு" என்றேன். நீ சிரித்தாய். "ஒரு செகண்டு நைனா. மலை ஏறும்போது அரை மணி நேரம் ஒரே மிதியா மிதிச்சிக்கினு போற. அந்த ஒரு செகண்டு உனுக்கு இன்னாத்துக்கு? டவுன்ல ரேஸ் உடறவனுக்குத்தான் அது வேணும்." டர்போ வைத்தால் வண்டியை நிறுத்தியதும் சாவியைத் திருப்பக்கூடாது, சூடு தணிய ஒரு நிமிஷம் ஓடவிட வேண்டும் என்றாய். அதற்கும் முகம் சுளித்தேன். கடைசியாக, "ரெண்டுமே புடிக்கலைன்னா பத்து மூட்டை கம்மியா ஏத்து. உண்மையில அதுதான் நல்லது" என்று சொல்லிவிட்டுக் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு எழுந்தாய். அன்று சாயங்காலம் நான் டர்போவுக்கே சரி என்றேன். நம் இன்ஜினுக்கு அப்படியே பொருந்துகிற டர்போ அடுத்த மாடலில் வந்திருக்கிறது, பழையது ஒன்றைத் தேடிப் பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு நீ ஸ்ரீபெரும்புதூருக்குத் திரும்பினாய். சொன்னபடி தேடிப் பிடிக்கவும் செய்தாய்.

இனி உனக்குத் தெரியாதது.

அந்த வாரம் லாரி ஸ்டாண்டு டீக்கடையில் பேச்சுவாக்கில் வண்டிக்கு டர்போ வைக்கப் போகிறேன் என்று சொன்னேன். யார் சொன்னது என்று கேட்டார்கள். என் பெண் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன், பாப்பா. அதற்கு ஒருவன், "அப்ப இனிமே ஆயில் மாத்தறதுக்கும் பாப்பாவைக் கேட்டுக்கினுதான் மாத்துவே" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. சொன்னவனுக்கு அடுத்த நிமிஷமே மறந்திருக்கும். அந்தச் சிரிப்பை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சோற்றுக்கு உட்கார்ந்தால் அது கூட வந்து உட்கார்ந்தது. ஒரு மனிதன் இதற்காகவா இப்படிச் செய்வான் என்று நீ நினைக்கலாம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்குமா என்று ஆறு வருஷமாக எனக்குள் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

பத்து நாள் கழித்துத் திருப்பதிக்கு ஒரு லோடு போனேன். ரேணிகுண்டா ரோட்டில் ரமணா என்று ஒரு மேஸ்திரி, வண்டிகளைப் பிரித்து மாற்றிக் கட்டுவதில் பேர் வாங்கியவன். அவன் பட்டறையில் ஏதோ வெளிநாட்டுக் காரிலிருந்து கழற்றிய சூப்பர்சார்ஜர் ஒன்று இருந்தது. அதே போல் ஒன்று வைத்த ஜீப்பை ஓட்டிப் பாருங்கள் என்று சாவி கொடுத்தான். மிதித்தேன். மிதித்த அந்தக் கணமே முதுகு சீட்டோடு ஒட்டியது. யோசனையே இல்லாத இழுவை. நான் கேட்டது இதுதான், இதை என் பெண் வேண்டாம் என்றாள், இதை நானே கண்டுபிடித்தேன் என்று மனசு துள்ளியது. திரும்பி வந்து, இதையே வைத்துவிடு என்றேன்.

ரமணாவை ஊரில் யாராவது குற்றம் சொன்னால் நீ நம்பாதே. அவன் வண்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "அண்ணா, பெல்ட்டு ஒக்கட்டே உந்தி, ஒண்ணுதான். இதையும் அதுலயே மாட்டுனா லோடு ஜாஸ்தி. தனியா ஒரு பிராக்கெட் செஞ்சு வேற பெல்ட்டு போடணும். பதி ரோஜுலு குடுங்க" என்றான். பத்து நாள் கேட்டான். தீபாவளி லோடு ஆரம்பித்திருந்த நேரம். பத்து நாள் வண்டியை நிறுத்த முடியாது, இருக்கிற பெல்ட்டிலேயே மாட்டு என்றேன். அவன் இரண்டாம் முறையும் கேட்டான். நான் இரண்டாம் முறையும் அதையே சொன்னேன்.

வேலை முடிந்ததும் பெருமை தாங்காமல் உனக்குப் போட்டோ அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் நீ கூப்பிட்டாய். சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று கோபப்படுவாய் என்று நினைத்தேன். நீ கோபப்படவில்லை. உன் குரலில் பயம் இருந்தது. "நைனா, போட்டோவுல ஒரே பெல்ட்டுதான் தெரியுது. நம்ம வண்டிக்கு டைனமோவும் அந்த பெல்ட்டுலதான் ஓடுது. டைனமோவுக்குப் பின்னாடி பிரேக்குக்கு உதவி பண்ற வாக்குவம் பம்ப்பு கீது. பெல்ட்டு அறுந்தா பிரேக்கு பெடல் கல்லு மாதிரி ஆயிடும். இறக்கத்துல ஓட்டாத. கழட்டிடு, இல்ல தனி பெல்ட்டு போடு" என்றாய். பார்க்கலாம் என்றேன். நீ விடவில்லை. "சரி, அது வரைக்கும் இதையாவது கேளு. டேஷ்போர்டுல சிவப்பு பேட்டரி லைட்டு எரிஞ்சா பெல்ட்டு போச்சுன்னு அர்த்தம். உடனே கியரைக் குறைக்கணும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கவே கூடாது. ரெண்டு மூணு மிதிக்குத்தான் உள்ள காத்து இழுவை மிச்சம் இருக்கும். ஒரே அழுத்தா அழுத்திப் புடிச்சிக்கணும். சின்ன நைனா கிட்ட நான் சொல்லட்டுமா, நீ சொல்றியா?"

நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

நான் சொல்லவில்லை, பாப்பா. அதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுத வேண்டும் என்று மூன்று நாளாக இந்தப் பேனாவை எடுத்தும் வைத்தும் கொண்டிருக்கிறேன். மறந்துபோய்ச் சொல்லாமல் இருக்கவில்லை. சொன்னால், பாப்பா எதற்கு அப்படிச் சொன்னாள் என்று கேட்பான். அவள் வேண்டாம் என்றதை நான் வைத்தேன் என்று தெரிந்துவிடும். முதல் நடை மலையேறும்போது அவனும் என்னோடு வந்தான். எங்களைத் தாண்டிப் போனவர்களை எல்லாம் அன்று நாங்கள் தாண்டினோம். "ராக்கெட்டு மாதிரி போவுதுண்ணா!" என்று கதவைத் தட்டிக் கூவினான். பிறகு கேட்டான்: "பாப்பா இன்னா சொல்லிச்சு இதைப் பார்த்துட்டு?"

"நல்லாகீதுன்னு சொல்லிச்சு" என்றேன்.

மூன்றாவது வாரம் எனக்குக் காய்ச்சல். நான் போக வேண்டிய நடைக்கு அவன் போனான். தனியாகத்தான் போனான். மறுநாள் காலை பத்து மணி வாக்கில் பலமனேரில் தக்காளி ஏற்றிக்கொண்டு இறங்கியிருக்கிறான். அவனுக்குப் பின்னால் ஒரு லாரி வந்தது. அந்த லாரியின் டிரைவர், நல்ல மனிதர், சித்தூர் ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வந்து எங்களுக்காகக் காத்திருந்தார். "முன்னாடி வண்டிக்கு இன்னா ஆச்சுன்னே தெரியல சார். திடீர்னு வேகம் எடுத்துச்சு. பிரேக் லைட்டு எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சுக்கினே இருந்துச்சு. கடைசில மலைப் பக்கமா ஒடிச்சு பாறையில உட்டுட்டாரு. இந்தப் பக்கம் ஒரு பஸ்ஸு வந்துச்சு, அதுல இடிக்கக் கூடாதுன்னுதான் அப்படி ஒடிச்சாரு போல" என்றார்.

எரிந்து எரிந்து அணைந்தது என்றார். அதன் அர்த்தம் அந்த வராந்தாவில் நின்றிருந்த யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். விட்டு விட்டு மிதித்திருக்கிறான். பிரேக் பிடிக்கவில்லை என்றால் எந்த டிரைவரும் அதைத்தான் செய்வான். செய்யக்கூடாது என்று அவனுக்குச் சொல்ல வேண்டியவன் காய்ச்சலுக்குக் கஞ்சி குடித்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தான்.

சாவு வீட்டில் நடந்தது உனக்குத் தெரியும் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். நீ வாசலுக்கு வந்த பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியும். அதற்கு முன்பு உன் சின்னம்மா சரோஜாவின் அண்ணன்மார் இரண்டு பேர் என்னைப் பந்தலுக்கு வெளியே கூட்டிப் போனார்கள். வண்டியில் எதையோ மாற்றியதாகப் போலீஸ் சொல்கிறார்களே, என்ன மாற்றினீர்கள், யார் சொல்லி மாற்றினீர்கள் என்று கேட்டார்கள். பெரியவன் என் சட்டையைப் பிடிக்கவில்லை. பிடிக்கப் போகிறவன் மாதிரி நின்றான். நான் அப்போது, "எங்க பாப்பா இன்ஜினியரு. இழுவைக்கு எதையாவது போடணும்னு அதுதான் சொல்லிச்சு" என்றேன். பொய் என்று யாரும் பிடிக்க முடியாத பொய். நீ ஒன்று சொன்னாய்தான். நீ சொன்னது டர்போ. டர்போ வைத்திருந்தால் அதற்குப் பெல்ட்டே கிடையாது. உன் சின்ன நைனா இன்று இருந்திருப்பான்.

அதைச் சொல்லிவிட்டுத் திரும்புகிறேன், நீ பையோடு நிற்கிறாய். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தாய். நான் சொன்னது உன் காதில் விழுந்துவிட்டது என்று உன் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. நீ என்னைப் பார்த்தாய். அதில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். நான் அடுத்த வாக்கியத்தைச் சொல்வேன் என்று நீ காத்திருந்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குள் செய்தி பந்தலுக்குள் போய்விட்டது. சரோஜா எழுந்து ஓடி வந்து உன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உன் படிப்பு என் தாலியைத் துன்னுடுச்சேடி! அவரு உன்ன தூக்கி வளத்தாரேடி!" என்று கத்தினாள். அவள் அடித்த அடிகளை வாங்கிக்கொண்டு நின்றாய். நான் நாலடி தூரத்தில்தான் நின்றிருந்தேன்.

அதன் பிறகு ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. பதினாறாம் நாள் காரியத்துக்கு நீ வரக்கூடாது என்றார்கள். புத்தூரிலிருந்து உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பெண்ணின் புத்தி ஒரு உயிரை வாங்கியதாமே என்று தரகரிடம் சொன்னார்களாம். அதை உன் அம்மா அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள். அப்போது சொல்லியிருக்கலாம். நீ வருஷத்துக்கு ஒரு முறை வருவாய், ஒரு நாள் இருப்பாய், அம்மாவோடு மட்டும் பேசிவிட்டுப் போவாய். ஒவ்வொரு முறையும் இந்தத் தடவை சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். நீ போன பிறகு, இத்தனை நாள் கழித்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைப்பேன். இப்படி நினைத்தே காலம் போய்விட்டது. நீயும் சொல்லவில்லை. அப்பனைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று நீ இருந்தாய். அதைப் பாசம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை, வசதி என்று எடுத்துக்கொண்டேன். போகிற இடத்தில் யாருக்காகவும் அப்படி வாயை மூடிக்கொள்ளாதே. இது ஒன்றுதான் நான் உனக்குச் சொல்லக்கூடிய புத்தி. இதைச் சொல்லவும் எனக்கு வாய் கூசுகிறது.

உன் அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமும் இன்னொரு பொய்யாகிவிடும். திருப்பதி ஆஸ்பத்திரியில் பதினொரு நாள். இரண்டாவது பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு குழறிவிட்டது. எட்டாம் நாள் மத்தியானம் நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் கட்டிலின் கால்மாட்டில் இருந்தேன். அவள் உன்னைக் கிட்டே கூப்பிட்டாள். வார்த்தை வார்த்தையாகக் கோத்துச் சொன்னாள்: "சின்ன நைனா விஷயத்துல... நான் உன்மேல மனசுல வச்சிக்கினு போவல பாப்பா. தெரியாமதான பண்ணே. நான் மன்னிச்சிட்டேன்."

நீ என் பக்கம் திரும்பினாய். முன்பு பந்தலில் பார்த்தாயே, அதே பார்வை. இந்த முறையும் எனக்கு இடம் கொடுத்தாய். நான் எழுந்து, டீ வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று பிளாஸ்க்கை எடுத்தேன். கதவைத் தாண்டும்போது உன் குரல் கேட்டது. "சரிம்மா" என்றாய்.

செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பை வாங்கிக்கொண்டாய். அவள் நிம்மதியாகப் போகட்டும் என்று வாங்கிக்கொண்டாய். மூன்று நாள் கழித்து அவள் போனாள்.

உன் மெசேஜ் வந்த மறுநாள் நான் புத்தூருக்குப் போனேன். சரோஜா அவள் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு அறையில் இருக்கிறாள். தறிக்காரர்களுக்கு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்துப் பிழைக்கிறாள். நான் போனபோது நூல் சுற்றும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "வாங்க மாமா" என்று முறத்தை நகர்த்தி இடம் கொடுத்தாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயம். டீக்கடைச் சிரிப்பிலிருந்து ஆரம்பித்து, ரமணா இரண்டு முறை கேட்டது, நீ போனில் சொன்னது, நான் குமரேசனிடம் சொல்லாமல் விட்டது, நல்லாகீதுன்னு சொல்லிச்சு என்று அவனிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். நடுவில் அவள் மிஷினை நிறுத்தினாள். அதன் பிறகு வெளியே கோழி கிளறுகிற சத்தம்கூடக் கேட்டது.

அவள் என்னைத் திட்டுவாள், அடிப்பாள், அண்ணன்மாரைக் கூப்பிடுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். அவள் விரலில் சிக்கியிருந்த நூலைப் பிரித்து எடுத்தாள். பிறகு, "வருஷா வருஷம் அவரு நாளுக்கு உன் பொண்ணு இங்க வரா. உனுக்குத் தெரியுமா?" என்றாள். அத்தனை வருஷத்தில் முதன்முறையாக என்னை நீ என்றாள். எனக்குத் தெரியாது, பாப்பா. நீ சொன்னதே இல்லையே.

"கதவைத் தொறக்க மாட்டேன். வெளிய நிப்பா. ஒரு வருஷம் மழையில நின்னா. ஜன்னல் வழியா நான் கேக்காத கேள்வி இல்ல, உடாத சாபம் இல்ல. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் இல்ல சின்னம்மான்னு சொல்லியிருக்கலாம்ல?" அவள் ஜன்னலைக் காட்டினாள். "உனுக்குப் பொறந்த பாவத்துக்கு என் சாபத்தையும் சேத்து துன்னுக்கினு நின்னுக்கீறா. நான் இப்ப இன்னா பண்ணுவேன்? அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்? எம் புருசனைத்தான் எடுத்துக்கினே. என் கோவத்தையாவது ஒழுங்கா எங்கிட்ட உட்டு வச்சிருக்கக் கூடாதா? எழுந்து போ."

நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். எழுந்து போ என்றாள். போய்விட்டேன்.

உன்னை வந்து பார்ப்பாள், உன் கையைப் பிடித்து அழுவாள் என்று எழுத ஆசைதான். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. நான் உண்மையைச் சொன்னால் எல்லாம் கொஞ்சமாவது சரியாகும் என்று எண்ணித்தான் போனேன். ஆறு வருஷமாக உன்னைத் திட்டியாவது உயிரோடு இருந்தவளிடமிருந்து அதையும் பிடுங்கிக்கொண்டு வந்ததுதான் மிச்சம். லாரி ஸ்டாண்டிலும் போய்ச் சொன்னேன். அன்று சிரித்தவர்களில் ஒருவன் இறந்துவிட்டான், ஒருவன் திருவள்ளூர் பக்கம் போய்விட்டான். மிச்சமிருந்தவர்கள், "உடு அண்ணா, பழசு" என்றார்கள். உன் பேரைக் கெடுக்க ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கப் போனால் வாங்கிக்கொள்ள ஆளில்லை.

அன்றைக்குச் சாயங்காலம்தான் உனக்குப் போன் செய்தேன். எடுக்கமாட்டாய் என்று நினைத்தேன். எடுத்தாய். பின்னால் பெட்டி இழுபடுகிற சத்தம் கேட்டது, சாமான் கட்டிக்கொண்டிருந்தாய் போலிருக்கிறது. "சரோஜா கிட்ட சொல்லிட்டேன் பாப்பா. எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றேன். அந்தச் சத்தம் நின்றது. நீ அழுவாய் என்று எதிர்பார்த்தேனா, இப்போதாவது சொன்னாயே நைனா என்பாய் என்று எதிர்பார்த்தேனா, எனக்கே தெரியவில்லை. நீ ஒன்றே ஒன்று கேட்டாய்.

"அம்மா கிட்ட?"

நான் பதில் சொல்லுமுன் வைத்துவிட்டாய். அதன் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். நீ கேட்டதற்கு எழுதியாவது பதில் சொல்ல வேண்டும் என்று பார்த்தேன். பக்கம் பக்கமாக எழுதியும் அந்த ஒரு கேள்விக்கு இதில் எங்கேயும் பதில் இல்லை. குமரேசன் போனதிலிருந்து உன் அம்மா போன வரைக்கும் நான்கு வருஷம். தினமும் எனக்குச் சோறு போட்டாள். தினமும் உன்னை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளிடம் சொல்ல எனக்கு நான்கு வருஷம் இருந்தது, பாப்பா. நான்கு வருஷமும் நான் எங்கேயும் போகவில்லை, அந்த வீட்டில்தான் இருந்தேன்.